நாடியின் விறைப்பும் நமது கடமையும்

நாடி பார்த்தல் என்பது நம் நாட்டு வைத்தியத்தின் தலைவாயில். பிணியாளன் வாய்திறந்து தன் குறையைக் கூறுமுன்னரே அவன் மணிக்கட்டில் மூன்று விரல்களை வைத்து, வாதம் பித்தம் ஐயம் என்னும் மூன்றன் நடையையும் ஓர்ந்தறிந்த வைத்தியர் பலர் கொங்குநாட்டு ஊர்களில் வாழ்ந்தனர். ஆங்கில வைத்தியம் பயின்றோரும் நாடியைத் தொட்டே தம் தொழிலைத் தொடங்குகின்றனர். நாடி நிமிஷத்துக்கு எத்தனை முறை துடிக்கின்றது, ஒழுங்காகத் துடிக்கின்றதா, விரலுக்கு மெத்தென்றிருக்கின்றதா அன்றி முறுக்கேறிய கயிறுபோல் இருக்கின்றதா என்னும் இம்மூன்றும் விரல் அறியும் செய்திகளாம். முதலாவதை எண்ணக் கடிகாரம் போதும். இரண்டாவதை வரைந்து காட்ட ஈ.சி.ஜி. வந்துவிட்டது. மூன்றாவதாகிய விறைப்பு ஒன்றே நெடுங்காலம் விரலின் பழக்கத்துக்கு விடப்பட்டிருந்தது. அதனையும் அளந்து எண்ணாக எழுதும் கருவிகள் நம் காலத்தில் தோன்றியுள்ளன. அவற்றுள் மிகப் புதியது, பிளாஸ்திரிபோல் கழுத்தில் ஒட்டிக்கொள்ளத்தக்க மீயொலி உணரி. அதனைப்பற்றியும், அது நம் ஊர்க் கடைத்தெருவுக்கு வருமுன் நாம் செய்துவைக்க வேண்டுவதொன்றைப் பற்றியும் ஈண்டுக் கூற விழைகின்றோம்.

நாடி விறைத்தால் என்ன கேடு என்று வினவுவார்க்குக் கோயமுத்தூரில் விடை கூறுதல் எளிது. இது பம்பு செய்யும் ஊரன்றோ! 1932-இல் பைக்காரா மின்சாரம் இவ்வட்டாரத்துக்கு இறங்கிவந்த பின்னர், ஏற்றம் இறைத்த கிணறுகளில் மோட்டார் பம்புகள் ஏறின. அவற்றை வார்க்கவும் கடையவும் பட்டறைகள் பெருகின. அப்பட்டறைகளில் வேலை செய்வார் அறிந்த செய்தியொன்றுண்டு. பிஸ்டன் பம்பு தண்ணீரை விட்டுவிட்டுத் தள்ளும் இயல்பினது. ஆதலின் அதன் வாயருகே காற்றடைத்த கலம் ஒன்றை வைப்பர். பிஸ்டன் தள்ளும்போது மிகுதித் தண்ணீர் அக்கலத்துட் புகுந்து காற்றை அமுக்கும். பிஸ்டன் பின்வாங்கும்போது அமுங்கிய காற்று அத்தண்ணீரை வெளியே உந்தும். இதனால் குழாயில் நீர் இடையறாது ஒழுகும். கலத்தில் காற்று இல்லையாயின் ஒவ்வொரு தள்ளுக்கும் குழாய் முழுவதும் அதிரும். நாளடைவில் மூட்டுக்கள் விட்டுப்போம்.

இதயத்தினின்று புறப்படும் பெருந்தமனி இக்காற்றுக் கலத்தின் வேலையையே செய்கின்றது. இவ்வொப்புமையை 1733-இலேயே எடுத்துக் காட்டியவர் ஸ்டீவன் ஹேல்ஸ் என்னும் ஆங்கிலப் பாதிரியார்; தீயணைக்கும் யந்திரத்தின் காற்றுக் கலத்தை அவர் உவமையாகக் கொண்டார். இதயம் சுருங்கும்போது பெருந்தமனி விரிந்து இரத்தத்தில் ஒரு பகுதியைத் தன்னகத்தே தாங்கிக்கொள்ளும். இதயம் இளைப்பாறும்போது தான் சுருங்கி அதனை முன்னே செலுத்தும். அதன் சுவரிலுள்ள எலாஸ்டின் என்னும் மீள்நார் இளமையிலேயே நெய்து முடிக்கப்படுவது. பின்னாளில் புதிதாக நெய்யப்படுவது மிகச் சொற்பம். நிமிஷத்துக்கு எழுபது துடிப்பெனக் கொண்டால் ஆண்டொன்றுக்கு மூன்றரைக் கோடிக்கு மேற்பட்ட தடவை அந்நார் இழுபட்டு மீள்கின்றது. நாற்பது ஐம்பது ஆண்டுகளில் அது தேய்ந்து அறுபட, வலிய கொல்லாஜன் நாரே சுமையைத் தாங்க நேரிடுகின்றது, சுண்ணமும் படிகின்றது. அப்பொழுது பெருந்தமனி ரப்பர்க் குழாயின் தன்மை நீங்கி இரும்புக் குழாயின் தன்மையை அடையத் தொடங்கும். மேல் அழுத்தம் உயரும். கீழ் அழுத்தம் தாழும். இதயத்துக்குச் சுமை ஏறும். மூளையிலும் சிறுநீரகத்திலும் உள்ள மெல்லிய குழல்கள் தமக்குரியதல்லாத அடியைத் தாங்கித் தளரும். உப்பு மிகுந்த உணவும், புகையும், சர்க்கரை வியாதியும், கவனியாது விட்ட இரத்த அழுத்தமும் இத்தேய்வை விரைவுபடுத்துவன.

நிற்க. விறைப்பை எங்ஙனம் அளப்பது? குழாய் எத்துணை விறைப்போ அத்துணை விரைவாக அதிர்வு அதன் வழியே ஓடும். இதனைக் கணக்காக எழுதிக்காட்டிய மோயன்ஸ், கோர்ட்டெவெக் என்னும் டச்சுக்காரர் இருவரின் சமன்பாடு 1878-ஐச் சேர்ந்தது. கழுத்துத் தமனியிலும் தொடைத் தமனியிலும் துடிப்பு வந்துசேரும் காலவேற்றுமையைக் கண்டு, இடைத்தூரத்தை அதனால் வகுத்தால் துடிப்பலையின் வேகம் கிடைக்கும். விநாடிக்கு 10 மீட்டருக்கு மேற்படின் எச்சரிக்கை கொள்ளவேண்டும் என்று ஐரோப்பிய வல்லுநர் 2012-இல் உடன்பட்டனர். இவ்வேகம் விநாடிக்கு 1 மீட்டர் கூடுந்தோறும் இதயம், இரத்தக் குழாய் பற்றிய விபத்துக்கள் ஏறக்குறைய நூற்றுக்கு 14 வீதம் மிகுகின்றன என்பது பல ஆராய்ச்சிகளை ஒருங்கு தொகுத்து 2010-இல் வெளியிட்ட முடிபு. இரத்த அழுத்தம் சரியாயிருப்பினும் இவ்வெண் தனியே எச்சரிக்கவல்லது என்பதே அதன் பெருமை.

ஆயினும் தொடையின் அடியில் நாடி தேடும் இம்முறைக்கு நம் பெண்மக்கள் எளிதில் இணங்குவரோ? நாட்டுப்புறத்து ஆண்களே கூசுவர். அன்றியும் அதற்குப் பழகிய கை வேண்டும். ஸ்கேன் என்று நம் வீட்டார் வழங்கும் மீயொலிப் படத்தால் கழுத்துத் தமனியை நேரே காணலாமெனினும், அவ்யந்திரமும் அதனை இயக்கும் வைத்தியரும் பெரிய ஆஸ்பத்திரிகளிலன்றிக் கிட்டுதல் அரிது.

இவ்விடரைத் தீர்க்க முயன்றவர் நம் தமிழ்நாட்டிலேயே உளர் என்பது மகிழ்தற்குரியது. சென்னை ஐ.ஐ.டி.யும் இந்திய அரசாங்கத்தின் உயிரித் தொழில்நுட்பத் துறையும் கூடி 2011-இல் அமைத்த சுகாதாரத் தொழில்நுட்பப் புத்தாக்க நிலையத்தில், மோகனசங்கர் சிவப்பிரகாசம், ஜெயராஜ் ஜோசப் முதலியோர் 'ஆர்ட்சென்ஸ்' என்னும் கருவியை ஆக்கினர். அது படம் காட்டுவதில்லை. பேனாபோன்ற ஒரு கோலைக் கழுத்தில் வைத்தால் மீயொலித் துடிப்பு உட்சென்று தமனியின் இரு சுவர்களிலும் பட்டு மீளும். மெல்லிய தசையில் ஒலி விநாடிக்கு ஏறக்குறைய 1,540 மீட்டர் வேகத்தில் ஓடுவது. இரண்டு சென்டிமீட்டர் ஆழத்திலுள்ள சுவரைத் தொட்டு அது திரும்பிவர, விநாடியை ஏறக்குறைய 40,000 கூறாக்கினால் அதில் ஒரு கூறு போதும். எதிரொலி வந்த காலத்தைக் கொண்டு சுவர் எங்குள்ளதென்பதையும், ஒவ்வொரு துடிப்புக்கும் அஃது எவ்வளவு விரிந்து சுருங்குகின்றதென்பதையும் கருவியே கண்டுகொள்ளும். அவ்விரிவு இளைஞர்க்கு அரை மில்லிமீட்டர் அளவினது. முதியோர்க்கு அதனினும் குறைந்தது. கையில் எடுத்த இரத்த அழுத்தத்தையும் உடன் சேர்த்தால் விறைப்பின் அளவு பெறப்படும். படத்தைப் படித்தறியும் வல்லுநர் வேண்டுவதில்லை. இக்கருவி 5,000-க்கு மேற்பட்ட மக்களிடத்துச் சோதிக்கப்பட்டதென 2022-இல் அறிவிக்கப்பட்டது. பெரும் பொருட்செலவில் பெரிய படம் காட்டுவதே விஞ்ஞானம் என்று எண்ணுவார், படத்தையே நீக்கிவிட்டு வேண்டிய எண்ணை மட்டும் எடுத்த இச்சிக்கனத்தைச் சற்று நோக்குவாராக.

கோலைக் கையாற் பிடிக்கவேண்டும். பிடித்த கை அசைந்தால் அளவு பிழைபடும். அதனையும் நீக்குவதே ஒட்டிக்கொள்ளும் உணரி. கலிபோர்னியா சர்வகலாசாலையின் சான் டியேகோ கிளையில் ஷெங் ஷூ என்பாரின் குழுவினர் 2018-இல் வெளியிட்ட உணரியின் கனம் கால் மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு; தன் நீளத்தில் நூற்றுக்கு 60 பங்கு வரை இழுத்தாலும் அறுபடாதது. ஒலி எழுப்பும் மணிகளோ கடினமானவை, கம்பியோ உலோகம். பின்னர் எங்ஙனம் நீளும்? திருப்பூர்ப் பனியன் துணியை எடுத்து இழுத்துப் பாருங்கள். பருத்தி நூல் நீளுவதில்லை. நூல் வளைந்து வளைந்து கண்ணிகளாய்க் கோக்கப்பட்டிருத்தலின் கண்ணி விரிந்து துணி நீளுகின்றது. இவ்வுணரியிலும் கடின மணிகளைத் தீவுகள்போல் தனித்தனியே வைத்து, இடையிற் பாம்புபோல் வளைந்த கம்பிகளால் இணைத்து, மெத்தென்ற சவ்வில் பொதிந்துள்ளனர். நம் பின்னல் தொழிலாளிக்கு இதனை விளக்க ஒரு நிமிஷம் போதும். மாஸசூஸெட்ஸ் தொழிற்கலாசாலையார் 2022-இல் 48 மணி நேரம் தோலை விட்டு விலகாத ஒட்டுப்பசை கொண்ட உணரியைக் காட்டினர். 2023-இல் சான் டியேகோ குழுவினர் மின்கலமும் கம்பியில்லாச் செய்திக்கருவியும் உட்பட யாவும் அடங்கிய பிளாஸ்திரியை, நடமாடும் மனிதர்மேல் 12 மணி நேரம் வரை வேலை செய்வித்தனர். கழுத்து அசையுந்தோறும் தமனி எம்மணிக்கு நேரே வருகின்றதென்பதைக் கணிப்பொறியே தேடிப் பற்றிக்கொள்கின்றது. 2024-இல் 117 பேரிடத்து இவ்வகை உணரி இரத்த அழுத்தத்தைச் சரியாகக் காட்டுகின்றதா என்று ஆராய்ந்தனர். ஆயினும் நூறு பேர் வேறு, நாடு வேறு. ஆஸ்பத்திரிக் கட்டிலிற் கிடப்பார் வேறு, சித்திரை வெயிலில் மஞ்சள் வயலில் வியர்த்து நிற்பார் வேறு. இப்பிளாஸ்திரி மருந்துக் கடையில் கேட்டவுடன் எடுத்துத் தரும் பண்டமாக இன்னும் ஆகவில்லை.

இனி இதற்கு எதிராகக் கூறப்படுவனவற்றைக் காண்போம். "கையிற் பட்டை சுற்றி இரத்த அழுத்தம் பார்ப்பதையே நாம் ஒழுங்காகச் செய்யவில்லை, இதற்குள் விறைப்பு எதற்கு?" என்பர் சிலர். இவ்வுரை நகைத்துத் தள்ளத்தக்கதன்று. தமிழ்நாட்டில் 2020-இல் நடந்த ஆய்வொன்றில், 18 முதல் 69 வயது வரையுள்ளாரில் நூற்றுக்கு 33.9 பேருக்கு இரத்த அழுத்தம் மிகுந்திருந்தது. அவருள்ளும் அதனை அடக்கி வைத்திருந்தோர் நூற்றுக்கு 7.3 பேரே. 2021 ஆகஸ்டு 5-ஆம் நாள் தமிழக அரசாங்கம் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' என்னும் திட்டத்தின்படி மாத்திரையை வீட்டு வாயிலுக்கே கொண்டுசென்று கொடுப்பதன் காரணமும் இதுவே. ஆதலின் அழுத்தம் ஏறிவிட்டவர்க்கு மாத்திரையே முதற்கடன், பிளாஸ்திரியன்று. விறைப்பை மட்டும் தனியே கரைக்கும் மருந்து எதுவும் இன்று நம் வைத்தியர் கையில் இல்லை. உப்பைக் குறைத்தல், நடத்தல், புகையை விடுத்தல், அழுத்தத்தை அடக்குதல் என்னும் பழைய வழிகளே உள்ளன. அங்ஙனமாயின் விறைப்பை அளப்பது யாருக்கு? அழுத்தம் இன்னும் ஏறாத முப்பது வயதினர்க்கு என்போம். முப்பது வயதில் நாற்பத்தைந்துக்குரிய நாடியைச் சுமந்து திரிபவனுக்கு வேறெந்தச் சோதனையும் எளிதில் அதனைக் கூறாது.

வேறு சிலர், நல்ல உடம்பினர் இதனை நாள் முழுதும் அணிந்து தம் நாடியைத் தாமே பார்த்துக்கொண்டிருத்தல் நன்றென்பர். நாம் இதற்கு உடன்படோம். விறைப்பு ஆண்டுக்கணக்கில் மாறுவது; அதனை மணிக்கொரு முறை நோக்குதல், விதைத்த மறுநாளே மண்ணைக் கிண்டிப் பார்ப்பதை ஒக்கும். இராப்பணி புரிவோர்க்கும், பிரசவ காலத்தில் அழுத்தம் ஏறும் தாய்மார்க்கும், மருந்து மாற்றப்பட்ட நோயாளிக்கும் ஒரு பகல் ஓரிரவு அணிவது பயன் தரலாம். அதுவும் வைத்தியர் கூறினால். கைக்கடிகாரத்தில் பச்சை ஒளியை மின்னவிட்டு உங்கள் இரத்தக் குழாயின் வயது இத்தனை என்று கூறும் கருவிகளை யாம் இவற்றோடு சேர்த்து எண்ணவில்லை. அவை தமனியின் சுவரைக் காண்பனவல்ல. தோலடியில் ஓடும் இரத்தத்தின் அலையைக் கொண்டு ஊகிப்பன.

நம் கருத்தில் முதன்மையான குறை இவ்விரண்டினும் வேறானது. கருவி ஓர் எண்ணைத் தரும். அவ்வெண் நல்லதா தீயதா என்று கூறுவது கருவியன்று, அதன் பக்கத்தில் வைத்து ஒத்துப் பார்க்கும் அட்டவணை. உலகம் பெரிதும் எடுத்தாளும் அட்டவணை 2010-இல் வெளிவந்தது. ஐரோப்பாவின் 8 நாடுகளில் 13 நிலையங்களிற் சேர்த்த 16,867 பேரின் அளவுகளால் ஆயது. மிக நேரிய வேலை; அதனைக் குறைகூற யாம் புகவில்லை. ஆயினும் அவருட் கொங்கு வேளாளரும் இல்லை, சக்கிலியரும் இல்லை, தேவாங்கரும் இல்லை; நூற்பாலையின் பஞ்சுத் துகளில் மூன்று ஷிப்டு மாறி மாறி நின்றவரும் இல்லை. நம்மவர் உயரத்தாற் சிறியர். சர்க்கரை வியாதி நம்மவர்க்கு இளவயதிலேயே வருகின்றது. ஊறுகாயும் அப்பளமும் இன்றி நமக்குச் சோறு இறங்குவதில்லை. இவருடைய நாடியை அந்நாட்டார் அளவுகோலால் அளந்தால் இரு தவறுகளில் ஒன்று நேரும். நலமுள்ளவனை நோயாளி என்று அச்சுறுத்துவோம். அல்லது நோய் தொடங்கியவனை நலமுள்ளவன் என்று வீட்டுக்கு அனுப்புவோம். எது நேரும் என்று அளந்து பார்த்தாலன்றி ஒருவராலும் கூறவியலாது. சட்டை தைப்பவன்கூட உடம்பைப் பார்த்து அளவெடுக்கின்றான்.

இவ்வட்டவணையை ஆக்குதல் கருவி விற்போரின் வேலையன்று. அவர்க்கு அதில் இலாபமும் இல்லை. அது கலாசாலைகளும் ஆஸ்பத்திரிகளும் கூடிச் செய்யவேண்டிய வேலை. அதற்குக் கோயமுத்தூரைப் போல வாய்ப்புடைய நகரம் மிகச் சில. 1966 முதல் அரசாங்க மருத்துவக் கலாசாலை இங்குள்ளது. பீளமேட்டில் ஒரே அறநிலையத்தின்கீழ் 1951-இல் தோன்றிய பொறியியற் கலாசாலையும் 1985-இல் தோன்றிய மருத்துவக் கலாசாலையும் அருகருகே நிற்கின்றன. அவிநாசி ரஸ்தாவில் 1956-இல் அமைந்த தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிச் சங்கத்தில், வைத்தியத்துக்கு உதவும் துணிகளுக்கென மத்திய அரசாங்கத்தார் ஏற்படுத்திய மையமும் உண்டு. வியர்வையில் நழுவாத, தோலைப் புண்படுத்தாத, துவைத்து மீண்டும் அணியத்தக்க கழுத்துப்பட்டை ஒன்றை நெய்யவேண்டுமாயின் அதனை அமெரிக்காவிலிருந்து தருவிப்பது இவ்வூருக்கு இழுக்கு.

அளத்தற்குரிய மக்களைத் தேடி அலையவும் வேண்டுவதில்லை. விடியற்காலையில் காந்திபுரம் பஸ் நிலையத்தில் அரைமணி நேரம் நின்று பார்ப்பவர் கொங்குநாடு முழுவதையும் கண்டவராவர். கோபியிலிருந்தும் சத்தியிலிருந்தும் காய்கறி மூட்டையோடு இறங்கும் குடியானவர், திருப்பூருக்குப் புறப்படும் பனியன் கம்பெனிப் பெண்கள், இராஷிப்டு முடிந்து கண் சிவந்து வரும் மில் தொழிலாளர், கணபதிப் பட்டறைகளுக்குச் செல்லும் இளைஞர், ஒரிஸ்ஸாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் பிழைக்க வந்தோர், மஞ்சட்பையில் பழைய ஸ்கேன் காகிதங்களைச் சுற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வழி கேட்கும் கிழவிகள், இவர்களை ஏற்றி இறக்கிப் பகல் முழுதும் யந்திரச் சூட்டில் உட்கார்ந்திருக்கும் டிரைவர்கள். உட்கார நாற்காலி, சாய்ந்து படுக்க ஒரு பெஞ்சு, மறைவுக்கு ஒரு திரை, பேனாக் கருவி ஒன்று, அழுத்தம் பார்க்கும் பட்டை ஒன்று, இவ்வளவே வேண்டுவன. கழுத்தை மட்டும் காட்டினாற் போதுமாதலின் பெண்களும் தயங்கார். அளக்குமுன் பத்து நிமிஷம் அமரச் செய்யவேண்டும். காப்பி குடித்தும் பீடி பிடித்தும் வந்த நாடி உண்மை கூறாது. டீக்கடை நான்கடியில் இருக்கும் இடத்தில் இவ்விதி எளிதன்று என்பதை யாமும் அறிவோம்.

பிளாஸ்திரி நாளை வரும்போது இப்பேனாவால் எடுத்த அளவுகளோடு அதனை ஒத்துப்பார்த்து அது மெய்யா பொய்யா என்றும் கூறலாம். இல்லையேல் விற்பவன் கூறுவதே நமக்கு வேதமாகும்.

நம் கலாசாலையார் இதிற் செய்யத்தக்கது யாது? மருத்துவம் நம்மிடத்து இல்லை. ஆயினும் பௌதிகப் பகுதியார் ஒரு ரப்பர்க் குழாயும் ஓர் இரும்புக் குழாயும் பட்டறைப் பம்பு ஒன்றும் கொண்டு அலையின் வேகத்தை மேசைமேல் அளந்து காட்டலாம். கணிதப் பகுதியார் வயது, உயரம், தொழில், ஆண் பெண் என்னும் பகுப்புக்களால் அட்டவணை வகுக்கும் முறையைக் கற்பிக்கலாம். தமிழ்ப் பகுதியார், குடியானவர்க்கு விளங்கும்படி சம்மதப் பத்திரத்தை எழுதித் தரலாம். இப்போது வழங்கும் பத்திரங்களுட் பல, எழுதியவர்க்கே விளங்குமா என்பது ஐயம். வைத்தியராகவும் மில் அதிகாரிகளாகவும் விளங்கும் பழைய மாணவர் வாயில்களைத் திறந்துவிடலாம்.

முதலாண்டில் ஆயிரம் பேர் சேர்ந்தால் போதும். அவர்கள் பெயரையும் வயதையும் எழுதுவது எளிது. அவர்களையே ஐந்தாண்டு கழித்து மீண்டும் அளந்தாலன்றி விறைப்பு யாருக்கு எவ்வளவு விரைவில் ஏறுகின்றதென்பது விளங்காது. அதற்குள் மில் மூடப்படும். பனியன் தொழிலாளி ஊர் திரும்புவார். டிரைவர் வேறு டிப்போவுக்கு மாற்றப்படுவார். செல்போன் எண் மூன்று முறை மாறும். ஆகவே ஒவ்வொருவர் பெயருக்கும் எதிரே அவருடைய சொந்த ஊரையும், அங்கே அவரை அறிந்த ஒருவரின் முகவரியையும் எழுதிவைத்தல் வேண்டும். அப்புத்தகம் யாருடைய அலமாரியில், யாருடைய பூட்டின்கீழ் இருக்கவேண்டும் என்பதையும் முதல் நாளிலேயே தீர்மானித்துவிடவேண்டும்.